ஐம்பது கிதார்களும் ஓர் ஓவியரும்

நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் 1961-ஆம் ஆண்டு பிறந்து, பதின்மூன்று வயதிலேயே ரயில் யார்டுகளுக்குள் புகுந்து, நின்றுகொண்டிருக்கும் சுரங்க ரயில் பெட்டிகளின்மேல் ஸ்பிரே பெயிண்டால் படம் எழுதத் தொடங்கிய ஜான் மாட்டோஸ், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தவறுதலாக நின்றுபோகச் செய்த நிகழ்ச்சியால் தமக்கு வாய்த்த ‘கிராஷ்’ என்ற பட்டப்பெயரையே தம் கையொப்பமாக ஏற்றுக்கொண்டார். அந்தப் பெயர் பிற்காலத்தில் ஓவியக் காட்சிச்சாலைகளில் மதிப்புப் பெற்றது. அதற்கும் பின்னர், இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கலிபோர்னியா மாகாணத்துக் கொரோனா நகரில் இயங்கும் ஃபெண்டர் கம்பெனியின் தனிப்பட்டறையோடு அவர் கூடி உழைத்து, ஐம்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார்களைத் தம் கையாலேயே ஒவ்வொன்றாகச் சித்திரித்தபோது, ஒரு கிதார் ஜாதிக்கே பெயராக நின்றது. இசைக்கருவி வியாபாரத்தில் ஓவியர்களின் பெயரை ஒட்டி வெளிவரும் ‘வரையறுத்த பதிப்பு’கள் இன்று எண்ணற்றவை, ஆயினும் அவற்றுள் பெரும்பான்மையானவற்றை ஆராய்ந்தால் ஓவியரின் கை அந்த மரத்தைத் தொட்டதே இல்லை என்பது புலனாகும். கிராஷின் ஐம்பதும் அத்தகையன அல்ல. அந்த வேற்றுமை அற்பமானதன்று என்பதே இக்கட்டுரையில் நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

ஐம்பது என்ற எண்ணுக்கு முதலில் பொருள் காண்போம். பதிப்புக்கு எண் வரையறுக்கும் வழக்கம் இசையுலகிலிருந்து தோன்றியதன்று. அது ஓவிய அச்சுக்கலையின் சம்பிரதாயம். செப்புத் தகட்டின்மேல் கூரிய ஊசியால் நேரே கீறி எழுதும் முறையில், கீறலின் இருமருங்கும் எழும்பி நிற்கும் உலோகப் பிசிறில் மை தங்குவதனால்தான் கோட்டுக்கு ஒரு வெல்வெட்டுத் தன்மை உண்டாகிறது. அந்தப் பிசிறோ அச்சு யந்திரத்தின் அழுத்தத்தில் விரைவிலேயே நசுங்கிவிடுகிறது. சில பத்துப் பிரதிகளுக்கு மேல் எடுத்தால் படம் வெளிறிப்போகும். ஆகவே இத்தனைதான் எடுக்கலாம் என்ற வரம்பு, வியாபாரியின் யுக்தியாகத் தொடங்காமல், பொருளின் இயல்பே விதித்த நியதியாகத் தொடங்கிற்று. கிதார் விஷயத்தில் அத்தகைய இயற்கை வரம்பு ஏதும் இல்லை. கம்ப்யூட்டர் செலுத்தும் யந்திரம் ஒரே வடிவத்தில் பத்து மரப் பலகைகளைக் கடைந்தாலும் பதினாயிரம் கடைந்தாலும் கடைசிப் பலகை முதற்பலகைக்கு எள்ளளவும் குறைந்ததாக இராது. அத்தகைய தொழிற்சாலைப் பொருளின்மேல் படத்தையும் யந்திரமே ஒட்டிவிடுமானால், ‘நூறு மட்டுமே’ என்று விளம்பரம் செய்வது விற்பவர் தாமாகத் தேர்ந்துகொண்ட எண்ணிக்கையாகும். அதற்கு வேறு காரணம் கிடையாது. ஆனால் ஓவியர் ஒவ்வொன்றையும் எதிரே நிறுத்திப் புதிதாக எழுதுவாரானால், அவருடைய புயத்தின் சக்தியும் கற்பனையின் ஊற்றும் எத்தனை தாங்குமோ அத்தனைதான் உண்டாகும். செப்புத் தகட்டுக்கு இருந்த வரம்பு அப்போது மனிதரின் கைக்கு மாறி வந்துவிடுகிறது.

மின்சாரக் கிதாரில் ஓவியத்துக்கு இடம் வாய்த்ததற்கு அந்த வாத்தியத்தின் அமைப்பே மூலகாரணம். வயலின் போன்ற உள்வெற்றிடமுள்ள வாத்தியங்களில் மெல்லிய மேற்பலகை அதிர்ந்தே நாதத்தைப் பெருக்க வேண்டியிருக்கிறது. அங்கே கனத்த வர்ணப் பூச்சு குரல்வளையைப் பிடித்து நெரிப்பது போலாகும். ஆதலால் மெருகின் கலவையும் கனமும் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வரும் மர்மங்களாயின. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், 1950-ஆம் ஆண்டில் சந்தைக்குக் கொண்டுவந்த கெட்டிப்பலகைக் கிதாரிலும், 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும், நாதம் பிறக்கும் வழி வேறு. எஃகுத் தந்தி, காந்தத் துண்டுகளைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியைச் சுமார் எட்டாயிரம் சுற்றுச் சுற்றிய ‘பிக்அப்’ என்னும் உறுப்பின்மேல் அதிர்கையில், கம்பியில் நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டமே பெருக்கப்பட்டு ஒலியாகிறது. பலகைக்குத் தந்திகளை உறுதியாகத் தாங்கி நிற்பதே முதன்மையான வேலை. அதன்மேல் என்ன பூசினாலும் பெரிய நஷ்டமில்லை என்ற இந்தச் சுதந்திரம், தந்தி வாத்தியங்களின் நெடிய சரித்திரத்தில் அதற்கு முன் எவருக்கும் எளிதில் கிட்டியதன்று.

ஃபெண்டர் அந்தச் சுதந்திரத்தை முதலில் பயன்படுத்தியது ஓவியத்துக்காக அல்ல, நிறத்துக்காக. ஐந்து சதவிகிதம் கூடுதல் விலை கொடுத்தால் விரும்பிய வர்ணத்தில் கிதார் செய்து தருவதாக அவர்கள் அறிவித்தபோது, அந்த வர்ணங்களை வேறெங்கும் தேடவில்லை; மோட்டார் கார்களுக்காக டூபாண்ட் கம்பெனி தயாரித்த பெயிண்டுகளையே வாங்கினார்கள். ‘லேக் பிளாசிட் புளூ’ என்ற நீலம் காடிலாக் காருக்கு உரியது. ‘ஃபியெஸ்டா ரெட்’ என்ற சிவப்பு ஃபோர்டு தண்டர்பேர்டு காருக்கு உரியது. அக்காலத்து அமெரிக்க இளைஞனின் கண்ணுக்குக் கிதார் ஒரு சிறிய காராகவே தோன்றியிருக்க வேண்டும். இங்கே ஒரு சமகால நிகழ்ச்சியையும் குறிக்காமல் இருக்க முடியவில்லை. லியோ ஃபெண்டரின் கெட்டிப்பலகைக் கிதார் வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர், 1949-இல், இல்லினாய் மாகாணத்துச் சைக்கமோர் என்னும் ஊரில் எட் சீமோர் என்ற பெயிண்டு வியாபாரி, வெப்பக் குழாய்களுக்குப் பூசும் அலுமினிய வர்ணத்தை எளிதில் தெளித்துக் காட்டும் பொருட்டு, அழுத்த வாயுவோடு வர்ணத்தை ஒரே டப்பாவில் அடைத்துப் பார்த்தார். ஸ்பிரே பெயிண்டு டப்பா பிறந்த கதை இதுதான். கால் நூற்றாண்டு கழித்துப் பிராங்ஸ் சிறுவர்களின் கையில் அகப்பட்டு ஓவியத்தின் போக்கையே மாற்றிய அந்த டப்பாவும், கார் வர்ணம் பூசிக்கொண்ட கிதாரும், ஒரே தேசத்தின் ஒரே தொழில் யுகத்தில் பிறந்த உடன்பிறப்புகள். கிராஷின் கையில் அவ்விரண்டும் ஒன்றுகூடியதில், ஆகவே, எனக்கு வியப்பைவிட ஒரு பொருத்தமே மிகுதியாகத் தோன்றுகிறது.

கிராஷுக்கு முன்னோடிகள் இருந்தார்கள். 1967-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில், சைமன் போஸ்துமா, மரிக்கே கோகெர் என்ற இரு டச்சு ஓவியர்களைத் தலைமையாகக் கொண்டு ‘தி ஃபூல்’ என்ற பெயரில் இயங்கிய குழுவினர், கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் கிப்ஸன் எஸ்.ஜி. கிதார் ஒன்றுக்கு வர்ணம் தீட்டினர். சுருள்முடித் தேவதை ஒன்று கையில் முக்கோண வாத்தியம் ஏந்தி அமர்ந்திருக்க, அதைச் சுற்றி விண்மீன்களும் தீக்கொழுந்துகளும் நீலமும் பசுமையும் கலந்த வானமும் அமைந்த அந்தச் சித்திரத்தோடு, அதே ஆண்டு மார்ச் மாதத்தில் ‘கிரீம்’ குழுவினர் நியூயார்க்கில் வாசித்தபோது கிளாப்டன் மேடையேறினார். ஆனால் அந்த ஓவியர்கள் ஒரு சுவரையோ துணியையோ கருதுவதுபோலவே கிதாரையும் கருதினர் என்று தோன்றுகிறது. வாசிப்பவரின் உள்ளங்கை இடைவிடாமல் வழுக்கிச் சென்று திரும்பவேண்டிய கழுத்தின் பின்புறத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை; எண்ணெய் வர்ணத்தைத் தூரிகையால் பூசி, அதன்மேல் போதிய காப்பு மெருகும் இடாமல் விட்டமையால், வர்ணம் உரிந்து கையோடு வரலாயிற்று. படம் அழகியது, ஆயினும் அது வாத்தியத்தின்மேல் ஏற்றப்பட்ட படமேயன்றி, வாத்தியத்துக்குள் ஊறிய படமன்று. அதன் பிற்கால வரலாறும் அதற்கேற்பவே அமைந்தது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வழியாக ஜாக்கி லோமாக்ஸ் என்ற பாடகரிடம் சென்று, எழுபதுகளின் தொடக்கத்தில் ஐந்நூறு டாலருக்கு டாட் ரண்ட்கிரென் என்ற இசைக்கலைஞரின் கைக்கு வந்தபோது அது பழுதுபட்ட நிலையில் இருந்தது. அவர் கழுத்தைச் செப்பம் செய்வித்து, உரிந்துகொண்டிருந்த சித்திரத்தின்மேல் மெருகேற்றி, பல ஆண்டுகள் மேடைகளில் வாசித்தார். இன்று நாம் அந்த ஓவியத்தைக் காண முடிவதற்கு அதை எழுதியவர்களோடு, வாசித்துக்கொண்டே காத்தவரும் காரணம்.

ஹாரிசனும் அதே ஆண்டில் தம் வெளிர்நீல ஸ்ட்ராட்டோகாஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணைப் பறிக்கும் ஒளிர்வர்ணங்களாலும், தலைப்பகுதிக்குத் தம் மனைவியின் நகப்பூச்சாலும், தாமே வண்ணம் தீட்டினார். பின்னர் ‘ராக்கி’ என்று பெயர் பெற்ற அந்தக் கிதார், 1967 ஜூன் 25-ஆம் நாள் பல நாடுகளுக்கு ஒரே சமயத்தில் செயற்கைக் கோள் வழியாக ஒளிபரப்பான நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவினர் பாடியபோது அவர் கையில் இருந்தது. ஹாரிசன் தொழில்முறை ஓவியர் அல்லர். கோடுகள் நடுங்குகின்றன, வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழிகின்றன. ஆயினும் வாசிப்பவர் எழுதிய படமாதலின், எந்த இடத்தில் கை படும், எந்த இடத்தில் படாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2020-இல் ஃபெண்டர் பட்டறையின் பால் வாலர் என்ற கைவினைஞர், ஹாரிசன் குடும்பத்தார் பாதுகாத்துவரும் மூலத்தை ஆராய்ந்து, நூறு பிரதிகள் வெளிவரச் செய்தார். அவற்றில் காணும் தேய்மானமும் கீறலும்கூட மூலத்திலிருந்து பெயர்த்து எழுதப்பட்டவை. அந்த உழைப்பின் நுட்பத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மனிதர் ஓர் இரவில் மனம்போனபடி சிந்திய வர்ணத்தை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு மனிதர் அளவெடுத்து நூறு முறை சிந்துவது நினைவுச் சின்னமாகலாம். சிருஷ்டி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே படத்தைப் பதித்து மெக்ஸிகோவில் தயாரான மலிவு மாதிரியும் உடன் வெளிவந்தது. அது அந்தப் படத்தை எளியவர் கைக்கும் கொண்டு சேர்த்தது என்பதே அதற்குரிய நியாயம்.

கையால் எழுதுவதா, அச்சிட்டு ஒட்டுவதா என்ற இந்தப் பிணக்கு மின்சாரக் கிதாரோடு தோன்றியதும் அன்று. பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட்வெர்ப் நகரத்தில் ஹார்ப்ஸிகார்டு என்னும் தந்திப் பெட்டி வாத்தியம் செய்தோர், ஓவியர்களின் சங்கமாகிய தூய லூக்கா சங்கத்துக்குள் இடம்பெற வேண்டியிருந்தது; வாத்தியப் பெட்டிகள் வர்ணம் பூசப்பட்டு விற்கப்பட்டமையால் ஓவியராகவே சிலர் அதில் சேர்ந்திருந்தனர். 1557-இல் பத்து வாத்தியக்காரர்கள், தங்களை ஓவியர் என்ற பெயரால் அன்றி, தங்கள் சொந்தத் தொழிலின் பெயராலேயே சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று விண்ணப்பித்து, அவ்வாறே அநுமதி பெற்றனர். 1579-இல் அச்சங்கத்தில் சேர்ந்த ஹான்ஸ் ருக்கர்ஸின் குடும்பம் செய்த வாத்தியங்களைப் பார்த்தால், நாதப் பலகையின்மேல் மலர்களும் பூச்சிகளும் பறவைகளும் கையால் தீட்டப்பட்டிருக்கும்; சாவிகளுக்கு மேலும் மூடியின் உட்புறத்திலும் மரக்கட்டையால் அச்சிட்ட காகிதம் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டுமே அழகியவை, ஆனால் காகிதம் எந்தப் பெட்டிக்கும் பொருந்தும், மலர்களோ அந்த ஒரு பலகைக்கே உரியவை. நானூறு ஆண்டு கழித்து, 1968-இல், ஃபெண்டர் கம்பெனியும் சுவருக்கு ஒட்டும் பூங்காகிதத்தை வாங்கி டெலிகாஸ்டர் கிதாரில் ஒட்டி, அதன்மேல் மெருகு பூசி விற்றது என்பதை அறியும்போது, தொழிலாளியின் மூளை எக்காலத்திலும் ஒரே வழியில் ஓடுகிறது என்று தோன்றும். ஜேம்ஸ் பர்ட்டன் எல்விஸ் பிரெஸ்லியின் குழுவில் அந்த இளஞ்சிவப்புப் பூங்காகிதக் கிதாரை வாசித்துப் புகழாக்கியிராவிட்டால், அது மறக்கப்பட்டே போயிருக்கலாம்.

கிராஷின் வேலைக்கு மீண்டும் வருவோம். 1980-இல், பிராங்ஸின் தென்பகுதியில் ஸ்டீஃபன் ஐன்ஸ் நடத்திய ‘ஃபேஷன் மோடா’ என்ற காட்சியிடத்தில், ரயிலில் எழுதும் இளைஞர்களின் படைப்புகளை ஒன்றுதிரட்டி ஒரு கண்காட்சி அமைத்தவர் கிராஷ். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. ரயில் பெட்டிகளிலிருந்து கான்வாஸுக்கு அவருடைய கலை வந்துசேர்ந்த பாதையில் அது முதற்படி. அவருடைய படங்களில் காமிக் புத்தகங்களிலிருந்து எடுத்த பெரிய கண்களும், உடைந்து சிதறும் எழுத்துக்களும், பளபளப்பான தட்டை நிறங்களும் திரும்பத் திரும்ப வரும். பக்கவாட்டில் நீண்டு கிடக்கும் ரயில் பெட்டிக்காகப் பழகிய கண் அது. ஜன்னலும் கதவும் எங்கே வருகின்றன என்று கணக்குப் போட்டு, அவற்றைப் படத்துக்குள் இழுத்துக்கொள்ளப் பழகிய கை அது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பலகையும் அத்தகைய தடைகள் நிறைந்ததே: மேலே இரண்டு கொம்புகள், நடுவே பிளாஸ்டிக் தகடும் மூன்று பிக்அப்புகளும், கீழே திருகுகளும் பாலமும், முழங்கை படும் இடத்திலும் வயிறு படும் இடத்திலும், வாசிப்பவர்களின் முறையீட்டைக் கேட்டு லியோ ஃபெண்டர் சரித்துக் கடைந்த வளைவுகள். தட்டைச் சதுரத்தில் எழுதிப் பழகிய ஓவியர் இவற்றைக் கண்டு திகைப்பார். ரயில் பெட்டியில் எழுதியவருக்கு இவை பழகிய பகைவர். தெளிப்பு வர்ணத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: அது தூரிகைபோல் பரப்பைத் தொடாமல் மெல்லிய புகையாக வந்து படிவதால், வளைவு இருந்தாலும் தடிப்பு விழாது. மேற்கொண்டு நிறமற்ற மெருகைப் பூசினால் படம் பரப்புக்குள் அடங்கிவிடும். ‘தி ஃபூல்’ கிதாரில் நேர்ந்த குறை இங்கே நேராததற்கு இதுவே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கிளாப்டன் கிராஷின் ஓவியங்களை விரும்பி வாங்கிச் சேர்த்தவர். அந்த நட்பின் வழியே வந்த கிதார்களுள் ஒன்றை அவர் 2001-ஆம் ஆண்டின் உலகச் சுற்றுப்பயணத்தில் வாசித்தார். ரசிகர்கள் அதற்குக் ‘கிராஷோகாஸ்டர்’ என்று பெயர் சூட்டினர். கிளாப்டனுக்காகத் தீட்டப்பட்ட இக்கிதார்களுள் ஒன்று, ஆண்டிகுவா தீவில் அவர் நிறுவிய, போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான சிகிச்சை நிலையத்தின் பொருட்டு, 2004 ஜூன் மாதம் நியூயார்க்கில் ஏலம் விடப்பட்டு மூன்று லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. ஃபெண்டர் பட்டறையின் ஐம்பது இந்த வரிசையில் பிறந்தவையே. ஒரே ஓவியரின் கைவரிசை எல்லாவற்றிலும் விளங்கினாலும், ஒன்றைப் போல் மற்றொன்று இராது. அவற்றை ஒரே பதிப்பென்று சொல்வதைவிட ஐம்பது தனி ஓவியங்கள் என்று சொல்வதே பொருந்தும். எண் இங்கே விளம்பரமாக நிற்கவில்லை. உழைப்பின் கணக்காக நிற்கிறது.

இதற்கு எதிராக ஒரு நியாயம் சொல்லப்படுவதுண்டு. இவ்வளவு விலை பெறும் ஓவியத்தை வாத்தியத்தின்மேல் எழுதுவதனால், வாங்குபவர் அதைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிவைக்கிறார். கலைஞனுக்குப் புகழ் கூடுகிறது, வாத்தியமோ ஊமையாகிறது என்பர். இதை நான் அலட்சியமாக ஒதுக்கமாட்டேன். இவ்வகைக் கிதார்களில் எத்தனையோ தந்தி மாற்றாமலே கிடக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அந்தக் குற்றம் ஓவியருடையதன்று. கிராஷின் தலைமுறையினர், தங்கள் சிறந்த படங்கள் சில வாரங்களுக்குள் கழுவப்பட்டுவிடும் என்று அறிந்தே எழுதியவர்கள். நியூயார்க் போக்குவரத்து அதிகாரிகள் பெட்டிகளைத் தொடர்ந்து துப்புரவாக்கி, 1989-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், எழுத்துள்ள கடைசி ரயிலையும் ஓட்டத்திலிருந்து விலக்கினர். நூற்றுக்கணக்கான இளைஞர்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எழுதிய படங்களில் புகைப்படங்களாக எஞ்சியவை தவிர ஏறத்தாழ அனைத்தும் அழிந்தன. தேய்வதற்கும் அழிவதற்கும் அஞ்சாத அத்தகைய பயிற்சியிலிருந்து வந்த ஒருவர், உராய்வதற்கென்றே பிறந்த ஒரு பொருளின்மேல் படம் எழுதச் சம்மதித்தார் என்றால், அந்த உராய்வையும் தம் படத்தின் பகுதியாகவே அவர் கொண்டிருக்க வேண்டும்.

கிதாரின்மேல் இரண்டு கைகள் வேலை செய்கின்றன. ஒன்று ஓவியரின் கை. அது சில நாட்களில் தன் வேலையை முடித்துக்கொண்டு விலகிவிடும். மற்றொன்று வாசிப்பவரின் கை. அதன் முழங்கை மேல்விளிம்பின் நிறத்தை மெதுவாக அரிக்கிறது. அதன் நகம் தந்திகளுக்குக் கீழே கோடு கீறுகிறது. இடுப்பு வாரின் கொக்கி பின்புறத்து மெருகைக் கொத்தியெடுக்கிறது. பட்டறைக்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு செயற்கையாக உண்டாக்கும் தேய்மானத்தில் இந்த இரண்டாவது கையின் சரித்திரம் இல்லை. ‘தி ஃபூல்’ தீட்டிய எஸ்.ஜி. கிதார், உரிந்த வர்ணத்தோடும் பழுதுபார்த்த கழுத்தோடும், ரண்ட்கிரெனிடமிருந்து 2000-ஆம் ஆண்டில் சுமார் ஒன்றரை லட்சம் டாலருக்குக் கைமாறி, 2023 நவம்பரில் நாஷ்வில் நகரில் நடந்த ஏலத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு விற்றது. பணத்தை நான் கலையின் அளவுகோலாகக் கொள்வதில்லை. எனினும் வாங்கியவர் பணம் கொடுத்தது புத்தம்புதிய பரப்புக்கு அன்று என்பதை அந்த விலை தெளிவாகவே காட்டுகிறது.

ஆகையால், ஓவியர் தீட்டிய கிதார் ஒன்றை எங்கேனும் காண வாய்க்கும் வாசகருக்கு ஒரு விண்ணப்பம். முகப்புச் சித்திரத்தை ரசித்து முடித்தபின், இடம் கொடுத்தால் அதைத் திருப்பிப் பின்புறத்தையும் பாருங்கள். அங்கே கொக்கியின் கீறல்கள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். அது உங்கள் சொந்தக் கிதாராகவே இருந்து, பின்புறம் இன்னும் பளபளவென்று இருக்குமானால், இன்று மாலையே அதற்குப் புதுத் தந்தி மாட்டி வாசிக்கத் தொடங்குங்கள்.